புதுப் போன் வாங்கிக் கொடுப்பதற்கு முன்



நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம். விஷயம் ஒரு போன் கேம் பற்றியது. "டீச்சருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கப் போகிறவர்கள், முதலில் உங்கள் வீட்டில் ஏழாம் ஆண்டுக்கு மேலே படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு "ப்ரோல்ஹல்லா தெரியுமா மகன்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் நானாவின் மகன் இருக்கிறான். வயது பதினைந்து. அடுத்த வருடம் ஓ லெவல். நானா கட்டாரில். மதினி, பிள்ளைகள், உம்மா, நான் எல்லோரும் அக்குறணையில் ஒரே வீட்டில். பெருநாள் லீவில் இருந்து அவனிடம் ஒரே பாட்டுத்தான்: "போன் ஸ்லோவா ஈக்கி மாமி. அதான் தோக்கிறேன்." மதினியிடமும் அதே பாட்டு, வட்ஸ்அப்பில் வாப்பாவிடமும் அதே பாட்டு. நானாவின் மனம் இளகிவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கு ஒரு போன் பார்த்து வைத்திருக்கிறார். தோஹா வெயிலில் ஓவர்டைம் செய்து சேர்த்த ஒன்றரை லட்சம்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவன் தோற்பது போனால்தானா என்று யாராவது பார்த்தோமா? யாரும் பார்க்கவில்லை. நானும்தான். அவன் விளையாடுகிறான் என்றால் நாங்கள் ஏசுகிறோம், ஏசி முடிந்தால் விட்டுவிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததேயில்லை. அதனால் உட்கார்ந்தேன். இப்போது மூன்று கிழமையாகிறது.

தெரியாத பெற்றோருக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ப்ரோல்ஹல்லா அமெரிக்காவில் ப்ளூ மெமத் கேம்ஸ் என்ற நிறுவனம் செய்தது. 2017 ஒக்டோபரில் முழுமையாக வெளிவந்தது, 2018இல் யூபிசொஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2020 ஆகஸ்டில் போனுக்கு வந்தது. இலவசம். காசு கொடுத்து வாங்கக்கூடியவை பெரும்பாலும் உடுப்பும் அலங்காரமும்தான், காசு கொடுத்தவனுக்கு அடி பலமாக விழுவதில்லை. துவக்கு இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தால், ஒரு சிலருக்குத் துவக்கும் இருக்கிறது. ஆனால் இரத்தம் கிடையாது, எல்லாம் கார்ட்டூன் மாதிரி.

சாதாரண சண்டை கேமில் மேலே ஒரு உயிர்க் கோடு இருக்கும். அடிக்க அடிக்கக் குறையும், முடிந்தால் ஆள் சரி. இதில் அது இல்லை. காற்றில் மிதக்கிற ஒரு மேடை. அதில் நின்று சண்டை. எதிரியை மேடைக்கு வெளியே, திரைக்கும் வெளியே, தூக்கி எறிய வேண்டும். அவனும் சும்மா விழமாட்டான், காற்றிலேயே தாவித் தாவித் திரும்பி வரப் பார்ப்பான். அடி வாங்க வாங்க அவனுடைய படத்தைச் சுற்றியுள்ள நிறம் வெள்ளையில் இருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மாறும். வெள்ளையில் இருப்பவனை அடித்தால் கொஞ்ச தூரம்தான் போவான். சிவப்பில் இருப்பவன் அதே அடிக்குப் பறந்துவிடுவான். ஒற்றைக்கு ஒற்றைப் போட்டியில் ஆளுக்கு மூன்று உயிர்.

இவனுடைய ஆள் பொட்வார். கரடியின் மகன் என்று பழைய நோர்ஸ் கதைகளில் வருகிற வீரனை வைத்துச் செய்த பாத்திரம். வாளும் சம்மட்டியும் அவனுடைய ஆயுதங்கள். பலம் 6, லாவகம் 6, தற்காப்பு 5, வேகம் 5. எதிலும் பெரிய குறையில்லை, எதிலும் பெரிய கூடுதலும் இல்லை. வகுப்பில் நடுவரிசையில் இருக்கிற பிள்ளை மாதிரி. எனக்கு அதனாலேயே அவனைப் பிடித்துப் போனது.

விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மருமகன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான். முதலில் ஏசத்தான் போனேன். பிறகு வாசித்தேன். எல்லாம் கொம்போ. அதாவது, ஒரு அடி பட்டதும் எதிரி சுதாரித்து விலகுவதற்குள் அடுத்த அடி எது என்ற கோர்வை. வாளுக்கு முதலில் எழுதியிருந்தது "டவுன் லைட் - சைட் ஏர்". கீழ் பட்டனோடு இலேசான அடி, அது எதிரியைக் கொஞ்சம் மேலே கிளப்பும், உடனே தாவி பக்கவாட்டில் ஒரு வெட்டு. யூடியூபில் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறான். எழுத்து விஞ்ஞானப் பாடத்தில் இருப்பதை விட அழகாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவனுடைய ஆறு போட்டிகளை ஸ்கிரீன் ரெக்கோர்ட் செய்யச் சொன்னேன். சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புள்ளடி போட்டேன். கணித டீச்சரின் புத்தி அப்படித்தான் போகும். இருவரும் தூரத்தில் நிற்கிறார்கள். இவன் எதிரியை நோக்கிப் போகிறான். எப்படிப் போகிறான்? அதை மட்டும் எண்ணினேன்.

112 தடவை போயிருக்கிறான். அதில் 83 தடவை ஒரே மாதிரி. நேரே ஓடுகிறான், கிட்டப் போனதும் டவுன் லைட். 19 தடவை தாவி மேலே இருந்து இறங்கியிருக்கிறான். மற்ற எல்லாம் சேர்த்து 10.

அந்த 83இல் அடி பட்டது 14 தடவை. இனி முக்கியமான கணக்கு. அந்த 14இல் கொம்போவை ஒழுங்காக முடித்தது 11 தடவை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போன் ஸ்லோ என்றால் எது பிழைக்க வேண்டும்? கொம்போதான். செக்கனுக்கு 60 படம் ஓடுகிற கேமில் அடுத்தடுத்து விரல் வைப்பதுதான் நேரத்தோடு சம்பந்தப்பட்ட வேலை. அதில் பிள்ளை கெட்டிக்காரன். அவன் தோற்பது கொம்போ தொடங்குவதற்கு முந்திய இடத்தில். எதிரிக்குக் கிட்டப் போகிற அந்த இரண்டு மூன்று செக்கனில்.

அவனிடம் கொப்பியைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் ஈட்டி வச்சீந்தான் மாமி" என்றான். ஆமாம், ஈட்டி வாளை விட எட்டும். நீ எட்டு வைத்து ஓடி வருவது அவனுக்குத் தெரிகிறது, அவன் நின்ற இடத்தில் இருந்து ஈட்டியை நீட்டினால் போதும். ஈட்டிக்காரன் புத்திசாலியாக இருக்க வேண்டியதில்லை, நீ வருகிற வழி ஒன்றுதான் என்று தெரிந்தால் போதும்.

கண்டியில் இதைப் புரிய வைக்க நான் அதிகம் கஷ்டப்படத் தேவையில்லை. நித்தவெலயில் ஃபாஸில் மரிஜா விளையாடியதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! கிங்ஸ்வூடில் படித்து, கண்டி கழகத்துக்கு விளையாடி, இலங்கை அணிக்கே தலைவராக இருந்தவர். ஃப்ளை ஹாஃப் இடத்தில் நிற்கிறவனுடைய கைக்குப் பந்து வரும்போது முன்னால் ஒரு சுவர் மாதிரி ஆட்கள். ஓடுவதா, பாஸ் கொடுப்பதா, காலால் உதைத்து அவர்களுக்குப் பின்னால் போடுவதா? மூன்றும் முடியும் என்று எதிரணி நம்புவதால்தான் அவர்களால் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடி வர முடியாது. எத்தனை வேகமான ஆளாக இருந்தாலும், பந்து கிடைக்கிற ஒவ்வொரு தடவையும் நேரே ஓடினால் பத்தாவது நிமிஷத்தில் மூன்று பேர் சேர்ந்து படுக்க வைப்பார்கள். பெண்ணுக்கு றக்பி பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். நான் கண்டியில் பிறந்தவள்.

பொட்வாரோடும் அப்படித்தான். வாளை வைத்துக்கொண்டு கிட்டப் போக எத்தனையோ வழி இருக்கிறது. நான் பார்த்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நன்றாக விளையாடுகிற பிள்ளைகள் திருத்துங்கள்.

ஓடிப் போய், எதிரியின் ஆயுதம் எட்டுகிற எல்லைக்கு ஒரு சாண் வெளியே நின்றுவிடுவது. அவன் பயந்து வீசுவான். வீசியது காற்றில் போகும். வீசியவன் கையை மடக்கிக்கொள்வதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் டவுன் லைட். அதே அடிதான், அதே பட்டன்தான். முன்னே நீ அவனிடம் போய் விழுந்தாய், இப்போது அவன் உனக்கு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறான்.

இல்லாவிட்டால் தாவிப் போவது. ஆனால் தாவியவுடனே அடிக்காமல், இறங்குகிற நேரத்தை மாற்றுவது. ஒரு தடவை சட்டென்று கீழே விழுவது, இன்னொரு தடவை மேலேயே இன்னொரு தாவல் போட்டு அவனுடைய தலையைக் கடந்து மறுபக்கம் இறங்குவது. கீழே நிற்கிறவன் எந்தப் பக்கம் பார்ப்பான்?

மேடையில் ஆயுதங்கள் வந்து விழும். கையில் இருப்பதை எதிரி மேல் எறிந்துவிட்டு, எறிந்ததற்குப் பின்னாலேயே ஓடி, விழுந்து கிடக்கிற இன்னொன்றை எடுக்கலாம். எறிந்த ஆயுதத்தை அவன் தடுத்து விலகினால், அவனுடைய விலகல் செலவாகிவிட்டது. இந்த விலகல் விஷயம் முக்கியம். டொட்ஜ் என்று பிள்ளைகள் சொல்வது. அதைச் செய்கிற நொடியில் எந்த அடியும் படாது. ஆனால் ஒருமுறை செய்தால் உடனே திரும்பச் செய்ய முடியாது. ஆகவே கெட்டிக்காரன் முதலில் எதிரியின் விலகலைத்தான் பிடுங்குவான், அடியைப் பிறகு பார்த்துக்கொள்வான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. போகாமலே இருப்பது. மேடையின் நடுவில் நின்றுகொண்டு, "நீ வா" என்று காத்திருப்பது. இதைச் சொன்னபோது மருமகன் சிரித்தான். அது கோழைத்தனம் என்று அவர்களுக்குள் ஒரு எண்ணம். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது, ஓரத்தில் நிற்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் பள்ளம். யார் கோழை, யார் இடம் தெரிந்தவன்?

அவனுடைய கொம்போப் பட்டியலிலும் ஒரு ஓட்டை இருந்தது. டவுன் லைட்டுக்குப் பிறகு சைட் ஏர் என்று எழுதியிருக்கிறான். எந்த நிறத்தில் என்று எழுதவில்லை. எதிரி வெள்ளையில் இருக்கும்போது அது சேரும். நிறம் ஏற ஏற அவன் அதே டவுன் லைட்டுக்கு இன்னும் உயரமாக, இன்னும் தூரமாகப் போகிறான். சைட் ஏர் வெறும் காற்றை வெட்டும். அப்போது மேல்நோக்கிக் கிளம்பும் ரிகவரி அடிதான் எட்டும். எதிரியின் தற்காப்புப் புள்ளி கூடினால் கணக்கு இன்னும் மாறும். அவன் 14இல் தவறவிட்ட 3ம் எவை என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். மூன்றும் சிவப்பில்.

இதை வாசித்து ஆச்சரியப்படாதீர்கள். இந்த வகைக் கேமைக் கண்டுபிடித்ததே மனப்பாடக் கொம்போவை உடைப்பதற்குத்தான். ஜப்பானில் மசஹிரோ சக்குராய் என்று ஒருவர். 90களில் ஒரு ஆர்கேட்டில் 'கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 95' விளையாடியிருக்கிறார். எதிரே யார் இருந்தது என்று தெரியாமல் தன் திறமையை எல்லாம் காட்டி அடித்துத் தள்ளிவிட்டார். பிறகு எட்டிப் பார்த்தால் அது புதிதாகப் பழக வந்த ஒரு ஜோடி. அவருக்கு மனது சரியில்லாமல் போய்விட்டது. சண்டை கேம் என்றால் கோர்வையைப் பாடமாக்கியவன் மட்டும்தான் அனுபவிக்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. பிறகு நின்டென்டோவின் தலைவராக வந்த சட்டோரு இவாட்டா புரோகிராம் எழுத, இருவரும் சேர்ந்து ஒரு மாதிரி கேம் செய்தார்கள். அதுதான் 1999 ஜனவரியில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்று வந்தது. உயிர்க் கோடு இல்லை, அடி வாங்க வாங்கப் பறக்கும் தூரம் கூடும். அப்படியென்றால் ஒரே அடிக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விளைவு. பாடமாக்கி வந்தவனும் அந்த இடத்தில் நின்று யோசிக்கத்தான் வேண்டும். ப்ரோல்ஹல்லா பிறந்தது அந்த வழியில்தான்.

இப்படி ஒரு கேமை எடுத்து, எங்கள் பிள்ளைகள் அதையும் பாடமாக்குகிறார்கள்.

ஏன் பாடமாக்குகிறார்கள்? இங்கே நான் என் பக்கம் விரலைத் திருப்ப வேண்டியிருக்கிறது. போன தவணைப் பரீட்சையில் பைதகரஸ் கணக்கு ஒன்று கொடுத்தேன். வழமையான கணக்குத்தான். படத்தை மட்டும் கொஞ்சம் சரித்து வரைந்தேன், செங்கோணம் மேலே வரும்படியாக. 38 பிள்ளைகளில் 21 பேர் பிழைவிட்டார்கள். அதே கணக்கை நேராக வரைந்து கொடுத்தபோது எல்லோரும் செய்தவர்கள். எந்தப் பக்கம் செம்பக்கம் என்று அவர்கள் பார்க்கவில்லை. சாய்ந்த கோடு எது என்றுதான் தேடியிருக்கிறார்கள். அப்படித் தேடப் பழக்கியது யார்? கடந்தகால வினாத்தாளை வைத்துக்கொண்டு "இப்படி வந்தால் இப்படிச் செய்" என்று சொல்லிக்கொடுத்த நான்தான். கல்வியியல் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்தது வேறு, வகுப்பறைக்கு வந்து பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது நாங்கள் செய்வது வேறு. கணக்குக்குக் கிட்டப் போகப் பழக்காமல், கிட்டப் போன பிறகு செய்ய வேண்டியதை மட்டும் பழக்குகிறோம். 83 தடவை நேரே ஓடியவனை நான் எப்படிக் குறை சொல்ல?

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். நானா நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "போனால கொஞ்சமும் இல்லையெண்டு நீ எப்படிச் செல்ற?" அதனால் இன்னொரு சோதனை வைத்தோம். கட்டுகஸ்தோட்டையில் மதினியின் தங்கை வீட்டில் நல்ல லெப்டொப் இருக்கிறது, கொன்ட்ரோலரும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அவனை அதில் விளையாட விட்டோம். இரண்டு போட்டி. 40 தடவை எதிரியை நெருங்கினான். 31 தடவை நேரே ஓடி டவுன் லைட். இரண்டிலும் தோல்வி. இந்தத் தடவை அவன் லெப்டொப் ஸ்லோ என்று சொல்லவில்லை.

போனில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியைத் தடவி விளையாடுவதை விட பட்டனை அமுக்கி விளையாடுவது நிச்சயம் லேசு. மழை நேரத்தில் எங்கள் பக்கம் நெட் இழுபடுவதும் உண்மை. எங்கள் அடி சிங்கப்பூரில் இருக்கும் சேர்வருக்குப் போய்த்தான் எதிரியிடம் வருகிறது. அதற்கு நேரம் எடுக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றரை லட்சத்துப் போன் அந்தத் தூரத்தைக் குறைக்காது. நெட் பிந்துகிறது என்றால் அவசரப்பட்டு ஓடுகிறவனுக்குத்தான் நட்டம், பார்த்து நிற்கிறவனுக்கு நட்டம் குறைவு.

வசதி இல்லாததால் முடியாது என்று சொல்கிற பிள்ளைகளுக்கு நான் லாகூரில் இருந்து ஒரு கதை சொல்வேன். அர்ஸ்லான் சித்தீக். கேம் உலகில் 'அர்ஸ்லான் ஏஷ்' என்று பெயர். அவருடைய கேம் டெக்கன், அது மேடையில் இருந்து விழுத்துகிற வகை இல்லை. லாகூரின் ஆர்கேட் கடைகளில் தோளோடு தோள் உரச நின்று பழகியவர். 2019 பெப்ரவரியில் ஃபுகுவோக்காவில் நடந்த ஈவோ ஜப்பான் போட்டிக்கு, விசாவும் விமானமும் படுத்தியபாட்டில், களைத்துப் போய்ச் சேர்ந்தார். வென்றார். அதே வருடம் ஆகஸ்டில் லாஸ் வேகஸில் ஈவோ. இறுதிப் போட்டியில் கொரியாவின் 'நீ'யை வென்றார். டெக்கன் என்றாலே கொரியா என்றிருந்த காலம் அது. பாகிஸ்தான்காரர்கள் எந்தப் புது அடியும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோருக்கும் கிடைக்கிற அதே பட்டன்கள். ஆனால் ஒருவரை ஒருவர் தினமும் முகம் பார்த்து விளையாடி, எதிரே இருப்பவன் இப்போது என்ன செய்யப் போகிறான் என்று பார்க்கப் பழகியிருந்தார்கள்.

விரல் வேகம்தான் எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2023இல் ஹங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். வென்ற கொரியர் கிம் க்வான்-வூவுக்கு வயது 44. எங்கள் பாடசாலை அதிபரை விடக் கொஞ்சம்தான் இளமை.

கருத்துப் பகுதியில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "பிள்ளைகளைக் கெடுக்கிறீங்க டீச்சர்" என்று வரும். இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் போன் பிடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. எங்கள் வீட்டில் மஃரிபுக்குப் பிறகு போன் உம்மாவின் அலுமாரியில். விளையாட ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம், படிப்பும் தொழுகையும் முடிந்த பிறகு. இதற்கு ஒருநாள் சண்டை வரும், ஒருநாள் வராது. ஆனால் முழுக்கத் தடை போட்டால் அவன் நண்பன் வீட்டில் விளையாடுவான், எனக்குப் புள்ளடி போட ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு விஷயம், சுருக்கமாக. லீவில் ஊரில் ஒரு கேம் போட்டி வைக்கப் போகிறார்களாம், ஆளுக்கு 500 ரூபா நுழைவுக் கட்டணம், சேர்ந்த காசு முதல் மூன்று பேருக்கு. ஏற்பாடு செய்கிற தம்பிமாரே, பிள்ளைகளிடம் வாங்கிய பந்தயக் காசைத் தூக்கி வென்றவனிடம் கொடுப்பது எதில் சேரும் என்று ஒரு மௌலவியிடம் கேட்டுவிட்டு நோட்டீஸ் அடியுங்கள். பரிசை ஒரு கடைக்காரர் தந்தால் தொல்லையே இல்லை. நானும் வந்து புள்ளி எழுதித் தருகிறேன்.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பிள்ளை போன் கேட்டால், வாங்கிக் கொடுப்பதற்கு முன் அவனுடைய ஆறு போட்டியை உட்கார்ந்து பாருங்கள். கேம் புரியாவிட்டால் பரவாயில்லை. அவன் ஒரே மாதிரி எத்தனை தடவை செய்கிறான் என்று மட்டும் எண்ணுங்கள். எண்ணிய கொப்பியை அவனுக்கே காட்டுங்கள். ஏசாதீர்கள். நான் முதல்நாள் ஏசித்தான் இருந்தேன், அன்றைக்கு ஒரு வேலையும் நடக்கவில்லை.

மருமகனுக்கு நான் வைத்த பயிற்சி இதுதான். ஒரு கிழமைக்கு அவன் முதல் அடி அடிக்கக் கூடாது. கிட்டப் போகலாம், நிற்கலாம், தாவலாம், திரும்பி வரலாம். எதிரி ஏதாவது வீசிய பிறகுதான் இவன் பட்டனைத் தொடலாம். முதல் இரண்டு நாள் எல்லாப் போட்டியும் தோல்வி. மூன்றாம் நாள் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான். மதினி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத மாட்டேன். ஐந்தாம் நாள், ஒரு ஈட்டிக்காரன் மூன்று தடவை காற்றில் குத்தினான். மூன்று தடவையும் இவன் எல்லைக்கு வெளியே நின்று பார்த்தான். நாலாவது தடவை குத்தியபோது உள்ளே போனான். "மாமி, அவன் பயந்துட்டான்" என்றான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருந்து வந்து எத்தனையோ நாள்.

அந்தப் போட்டியிலும் தோற்றான். ஒரு உயிர் வித்தியாசத்தில்.

நானாவோடு வெள்ளிக்கிழமை பேசினேன். கொப்பிப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். "நீ டீச்சர் வேலையை ஸ்கூலோட வச்சுக்கோ" என்று முதலில் கோபித்தார். "நான் இங்க கெடந்து கஷ்டப்படுறது அவனுக்குத்தானே. கேட்டதை வாங்கிக் குடுக்க ஏலாட்டி நான் எதுக்கு இங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வருடமாக மகனை நேரில் பார்க்காதவர். அந்தப் போன் அவருக்கு வெறும் போன் இல்லை, அது எனக்கும் தெரியும். கொஞ்சம் நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "அந்த 83 எண்டா என்ன?" என்று கேட்டார். விளக்கினேன். "அதை நான் போன்ல எறக்கலாமா? ஃப்ரீயா?" என்று கேட்டார்.

இறக்கியிருக்கிறார். நேற்று இரவு ட்யூட்டி முடிந்து வந்து வாப்பாவும் மகனும் முதல் தடவை விளையாடினார்கள். அனுமதித்த நேரத்துக்கு வெளியேதான், நான் கண்டுகொள்ளவில்லை. நானாவுக்கு எந்தப் பட்டன் எதற்கு என்றே தெரியாது. மேடை முழுக்கத் தாவித் தாவி ஓடினார். மகன் முதல் நாலு தடவையும் நேரே ஓடிப் போய் அடித்தான், நாலும் காற்றில். ஐந்தாவது தடவை நின்றான்.

புதுப் போன் வருமா வராதா என்று இன்னும் முடிவாகவில்லை. கொப்பியில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. பொட்வாரின் சம்மட்டியைப் பற்றித் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் கருத்தில் எழுதுங்கள். அது மிக மெதுவாக விழுகிறது, அதை வைத்துக்கொண்டு எப்படிக் கிட்டப் போவது என்று எனக்கும் அவனுக்கும் இன்னும் பிடிபடவில்லை.